ஆற்றைத் தோண்டாமல் குழாய் பதிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதிக்கலாம். ஒரு கரையில் தொடங்கி ஆற்றுக்கு அடியில் துளைத்து மறுகரையில் வெளிவந்து, அந்தத் துளைக்குள் குழாயை இழுக்கும் முறைக்குக் கிடைமட்டத் திசைவழித் துளையிடல் (HDD) என்று பெயர். அதைப் பற்றிய கேள்விகள் இவை.

மண்ணுக்குள் மறைந்து போகும் துளை முனையை எப்படித் திருப்புகிறார்கள்?

முனையின் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். சுழற்றிக்கொண்டே தள்ளினால் நேராகப் போகும். சுழற்றாமல் தள்ளினால், சரிவில் மண் அழுத்தி முனையை ஒருபுறமாக ஒதுக்கும், பாதை வளையும். முனைக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் ஆழத்தையும் சாய்வையும் சொல்ல, மேலே ஒருவர் ரிசீவருடன் நடந்தபடி குறித்துக்கொள்வார். அகன்ற ஆற்றின் மேல் நடக்க முடியாதே! அங்கே காந்தப்புலத்தை அளக்கும் கருவியோ, திசையை உணரும் கைரோ கருவியோ துளைத் தண்டுக்குள் இருந்து கம்பி வழியே அளவுகளை அனுப்பும்.

குழாயின் அளவுக்கே துளை போட்டால் போதாதா?

போதாது. நடுத்தர அளவுக் குழாய்களுக்குத் துளை சுமார் ஒன்றரை மடங்கு அகலமாக இருக்க வேண்டும். முதலில் சிறிய வழிகாட்டித் துளை, பிறகு ரீமர் என்ற துளை அகலமாக்கும் கருவியால் படிப்படியாக அகலப்படுத்துதல், கடைசியில் குழாயை இழுத்தல் என்பதே வரிசை. ரீமருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சுழலி இருப்பதால் தண்டு சுழன்றாலும் குழாய் சுழலாது. இழுக்கத் தொடங்கிய பின் இரவுக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம் என்று நினைக்காதீர்கள். நின்ற குழாயைச் சுற்றி மண் இறுகினால் மீண்டும் அசைப்பது பெரும்பாடு.

வேலை நடக்கும்போது ஆற்றில் சேறு பொங்கியது. ஆபத்தா?

அலட்சியம் செய்யக் கூடாது. அது பென்டோனைட் களிமண் கலந்த நீர். துளையின் சுவர் சரியாமல் தாங்குவதும், வெட்டிய மண்ணை வெளியே சுமந்து வருவதும், குழாய் வழுக்கிச் செல்ல உதவுவதும் அதுதான். பென்டோனைட் நஞ்சல்ல, ஆனாலும் ஆற்றடியில் படிந்தால் மீன் முட்டைகளையும் சிற்றுயிர்களையும் மூச்சடைக்க வைக்கும்.

மேலே உள்ள மண் தாங்கும் அளவை உள்ளிருக்கும் அழுத்தம் மீறினால் சேறு வெடிப்புகள் வழியே மேலேறும். பல நேரங்களில் வேகமே காரணம். அவசரமாகத் துளைத்தால் வெட்டிய மண் வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். துளையின் நுழைவாயிலுக்குத் திரும்பும் சேறு திடீரென்று குறைந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. உடனே பம்பை நிறுத்த வேண்டும். ஆழம் போதாத பாதையும் இதே வினையைத் தரும். மண் ஆய்வுச் செலவைக் குறைக்கச் சொல்பவர்களிடம் நான் விடாமல் வாதாடுவது இதற்காகத்தான். கூழாங்கல்லும் உருண்டைப் பாறைகளும் நிறைந்த படுகையில் துளை சரியாமல் நிற்பது மிகக் கடினம். அதை முன்கூட்டிச் சொல்ல உதவுவது ஆய்வுத் துளைகள்தான்.

கழிவுநீர்க் குழாய்க்கு இந்த முறை ஏற்றதா?

அழுத்தத்தில் ஓடும் குழாய்க்கு ஏற்றது. தானாகச் சரிவில் ஓட வேண்டிய குழாய்க்கு நான் பரிந்துரைப்பதில்லை. அத்தனை நுட்பமான சரிவைப் பிடிப்பது கடினம்.

குழாய் உள்ளே போய்விட்டால் வேலை முடிந்ததுதானே?

இல்லை. புதிய எரிவாயுக் குழாய் பழைய சாக்கடைக் குழாயை ஊடுருவிச் சென்றிருந்தால் அன்று யாருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து அடைப்பெடுக்க வருபவரின் வெட்டுக் கருவி அதை அறுக்கும். வாயு வீடுகளுக்குள் பரவி வெடிக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வேலைக்கு முன்னும் பின்னும் அருகிலுள்ள சாக்கடைகளுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவை வாங்கிப் பார்க்காமல் ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.