நிற்கிற காலுக்கு ஒரு வகுப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முலுண்டில் இருக்கிறேன், வயது 43. ஆறு வருடமாக ஓடுகிறேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு ஓட்டம், சனிக்கிழமை காலை சொசைட்டி நண்பர்களோடு பேட்மிண்டன், திங்கள் வெள்ளி ஜிம். வரும் ஜனவரியில் மும்பை மாரத்தானில் அரை மாரத்தான் ஓடப் பதிவு செய்திருக்கிறேன். பத்து கிலோமீட்டர் தாண்டினால் இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது, இரண்டு நாளில் போய்விடுகிறது. என் மனைவி மூன்று மாதமாக ஒரு பார் வகுப்புக்குப் போகிறாள். "உங்களுக்கு இடுப்பில் பலமே இல்லை, என்னோடு வாருங்கள்" என்கிறாள். ஓட்டக் குழுவில் இதைச் சொன்னதும் "எந்த பார், ஏசியா நான்-ஏசியா?" என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டார்கள். அது பெண்கள் செய்யும் டான்ஸ் மாதிரிதானே? ஓடுகிறவனுக்கு அதனால் என்ன லாபம்? ஜிம்மை விட்டுவிட்டு அதற்குப் போகலாமா? நேரம் இருக்கும்போது பதில் எழுதுங்கள்.

முலுண்டிலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே தூரத்துக்கு மேல் வருகிற வலியை என்னை மாதிரி எழுதுகிறவளிடம் கேட்டுப் பயனில்லை, ஒரு ஃபிசியோவிடம் போய்க் காலைக் காட்டுங்கள், ஓடியும் காட்டுங்கள். ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தள்ளிப்போட வேண்டாம். கீழே நான் எழுதுவது எதுவும் அதற்கு மருந்து இல்லை.

பெயர்க் கேலி எனக்கும் பழகியதுதான். "பார் முடிச்சுட்டு வர லேட் ஆகும்" என்று மாட்டுங்காவில் இருக்கும் என் மாமியாரிடம் போனில் சொல்லிவிட்டேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பாலே ஆடுகிறவர்கள் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்கிற கம்பிக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கி முடிக்க ஒரு காபி நேரம் ஆனது.

டான்ஸ் மாதிரிதானே என்கிறீர்கள். ஆரம்பித்தவர் ஆடியவர்தான், ஆனால் ஆரம்பித்த காரணம் ஆட்டம் இல்லை. லோட்டே பெர்க் என்று ஒருவர், ஜெர்மனியில் பிறந்த நடனக்காரர், யூதக் குடும்பம், நாஜிகள் காலத்தில் தப்பி லண்டன் வந்தவர். முதுகில் அடிபட்ட பிறகு, தனக்குத் தெரிந்த பாலே பயிற்சியையும் காயம் ஆறச் செய்கிற பயிற்சியையும் கலந்து ஒரு முறையை உண்டாக்கி, 1959இல் லண்டனில் அதைச் சொல்லித்தரத் தொடங்கினார். அடிபட்ட உடம்பைத் திரும்ப நிமிர்த்துவதற்காக வந்த பயிற்சி அது, மேடைக்காக வந்தது இல்லை. அதனால்தான் வகுப்பில் இசைக்கு ஏற்ப அசைவோமே தவிர ஆட்டம் என்று ஒன்றும் இருக்காது. ஒரு இடத்தில் நிற்போம், பாதி முட்டி மடக்குவோம், அங்கேயே ஒரு அங்குலம் மேலே, ஒரு அங்குலம் கீழே, முப்பது நாற்பது தடவை. அப்புறம் அசையாமல் அப்படியே பிடித்து வைப்போம். கையில் ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ.

இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் போனேன். சின்ன வயதில் ஏழு வருடம் பரதநாட்டியம் கற்றவள், பதினோரு வருடமாக ஓடுகிறவள் என்ற கெத்து வேறு. பன்னிரண்டாவது நிமிடத்தில் என் தொடை, என் அனுமதி இல்லாமல், தையல் மிஷின் ஊசி மாதிரி ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் அறுபது வயதுக்கார குஜராத்தி அம்மா ஒருவர் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நடுக்கம் ஆபத்தில்லை. ஒரே நிலையில் வெகுநேரம் பிடிக்கும்போது வேலை செய்துகொண்டிருந்த தசைநார்கள் களைத்து, நரம்புகள் புதிய நார்களை வேலைக்கு இழுக்கின்றன, அந்த ஆள்மாற்றம் சீராக நடப்பதில்லை, அதுதான் நடுக்கமாகத் தெரிகிறது.

சரி, ஓடுகிறவருக்கு இதில் என்ன? ஓட்டம் என்பது ஒற்றைக்காலில் இருந்து ஒற்றைக்காலுக்குத் தாவுவது, நடையைப் போல இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையில் இருக்கும் கணம் அதில் கிடையாது. ஒவ்வொரு தடவை பாதம் விழும்போதும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. அந்த நேரத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் குளுட்டியஸ் மீடியஸ் என்ற தசைக்கு. பேன்ட்டின் பக்கவாட்டுப் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே, பின்பக்கமாக விரலால் அழுத்தினால் தெரியும். அது களைத்தால் எதிர்ப்பக்க இடுப்பு தொய்கிறது, முட்டி உள்பக்கம் போகிறது. நாம் எல்லோரும் முன்னால் மட்டுமே ஓடுகிறோம், பக்கவாட்டில் காலை வீசி வேலை வாங்குவதே இல்லை, எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இந்தத் தசை தானாகப் போதிய பலம் பெறும் என்று சொல்ல முடியாது. உங்கள் மனைவி சொன்னதை நான் மறுக்க மாட்டேன்.

பார் வகுப்பில் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்கி மேலும் கீழும் அசைப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தூக்கிய காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், எவ்வளவு உயரம் போகிறது என்று. ஓட்டக்காரருக்கான பாடம் கீழே இருக்கிறது. நிற்கிற கால்தான் மூன்று நிமிடம் மொத்த உடம்பையும் சாயாமல் தாங்குகிறது. நீங்கள் போனால் அந்தக் காலைக் கவனியுங்கள்: இடுப்பு அதன் பக்கம் ஒதுங்கிச் சாய்கிறதா, பாதத்தின் வளைவு தட்டையாகிறதா. கம்பியில் விரல் நுனி வைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியான லோக்கல் ரயிலில் நிற்பது போல, காலை எட்டரை ஃபாஸ்டில் தொங்குவது போல இல்லை. கம்பியில் பாரம் போட்டால் நிற்கிற கால் லீவு எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, கெண்டைக்கால். குதிகாலைத் தூக்கி நிற்பதை ரெலவே என்பார்கள். முட்டி நேராக இருக்கும்போது வெளியே தெரிகிற பெரிய கெண்டைத் தசை அதிகம் உழைக்கும், முட்டியை மடக்கிக்கொண்டு குதிகாலைத் தூக்கினால் அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை கூடும். நீண்ட தூரம் ஓடுகிறவரைக் கடைசிவரை கொண்டுசேர்ப்பதில் பெரிய பங்கு இந்தச் சோலியஸுக்கு. பார் வகுப்பில் இரண்டையும் நிறையச் செய்கிறார்கள், அதுவும் ஷூ இல்லாமல், வெறும் காலிலோ கிரிப் சாக்ஸிலோ. சனிக்கிழமை பேட்மிண்டனில் கணுக்கால் மடங்காமல் இருக்கவும் இது உதவலாம். ஆனால் ஷட்டிலை எடுக்கப் பாய்ந்து, நின்று, திரும்புகிற வேகம் அங்கே கிடைக்காது, அதற்கு ஆட்டமேதான் பயிற்சி.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிளியே என்று ஒரு நிலை, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி முட்டி மடக்குவது, நம் அரைமண்டிக்கு ஒன்றுவிட்ட அக்கா. அரைமண்டியில் என் டீச்சர் தட்டுக்கழியால் தட்டித் தட்டிச் சொன்னதே இங்கும் பொருந்தும்: திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பி வைத்தால் நடுவில் மாட்டிக்கொள்வது முட்டி. ஏற்கெனவே வலிக்கிற முட்டி உங்களுடையது. பக்கத்தில் இருப்பவருடைய பாதம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், உங்கள் முட்டி கால்விரல்களின் திசையிலேயே மடங்குகிற அளவுக்குத் திருப்பினால் போதும்.

ஜிம்மை விடலாமா என்றால், கூடாது. இதில் நான் பிடிவாதக்காரி. ஒரு கிலோவை நூறு தடவை தூக்கினால் நூறு தடவை தூக்கும் தாங்குதிறன் வரும், ஐம்பது கிலோவை ஒரு தடவை தூக்கும் பலம் வராது. அசையாமல் பிடிப்பதால் வரும் பலமும் பெரும்பாலும் பிடித்த கோணத்தை ஒட்டியே வரும், மற்றக் கோணங்களுக்கு அவ்வளவாகப் பரவாது. மழைக்காலத்தில் சஹ்யாத்ரி மலைகளில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், இறங்கும்போதுதான் தொடை செத்துப்போகும், அந்த இறக்கத்துக்கு வேண்டியது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிற பயிற்சி, அது ஸ்குவாட்டிலும் படி இறங்குவதிலும் கிடைக்கிற அளவு இந்த ஒரு அங்குல அசைவில் கிடைக்காது. ஐம்பதைத் தாண்டிய என் போன்ற பெண்களுக்கு எலும்பு என்ற கவலை வேறு, எலும்புக்குக் கனமான எடைதான் பிடிக்கும். ஆகவே ஜிம்மில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் விடாதீர்கள். விளம்பரங்களில் "நீளமான, மெலிந்த தசைகள்" என்று போடுகிறார்களே, அதையும் மறந்துவிடுங்கள். ஒரு தசை எலும்பில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பிறப்பிலேயே முடிவானது, எந்த வகுப்பும் அதை இழுத்து நீட்டாது.

எந்த நாள் என்பதில் நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு வசதியாக இருந்தது வெள்ளி மாலை வகுப்பு. சனி ஓய்வு, ஞாயிறு நீண்ட ஓட்டம், கச்சிதமான திட்டம் என்று நினைத்தேன். பழக்கமில்லாத பயிற்சியால் வரும் தசைவலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும் என்பது படித்துத் தெரிந்த விஷயம்தான், எனக்கு நடக்காது என்று ஒரு நம்பிக்கை. மரீன் டிரைவில் ஆரம்பித்து, திரும்பி வருகையில் பெடர் ரோடு ஏற்றத்தில் இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிவிட்டன. நடந்து இறங்கி, டாக்ஸி பிடித்து தாதர் வந்து, அங்கே பாலத்துப் படிகளைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். உங்கள் அட்டவணைக்குப் புதன் சரி. ஞாயிற்று வலி அடங்கியிருக்கும், அடுத்த ஞாயிறுக்கு நாலு நாள் இருக்கும். வியாழன் ஓட்டம் மெதுவாகவே போகட்டும். முதல் ஆறு வாரம் அந்த ஒரு வகுப்பு போதும். மாரத்தானுக்கு மூன்று வாரம் இருக்கையில் புதிதாக எதையும் ஆரம்பிக்காதீர்கள், கடைசி வாரம் வகுப்பே வேண்டாம். இன்னொன்று, அசையாமல் பிடிக்கும்போது மூச்சையும் சேர்த்துப் பிடித்துவிடுவோம், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிபி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பெண்கள் விஷயம் என்ற கேலிக்கு ஒரே ஒரு பெயர் தருகிறேன். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியில் ஆடிய ரியோ ஃபெர்டினாண்ட், அந்த ஆறடி தாண்டிய டிஃபெண்டர், சிறுவனாக லண்டனில் நாலு வருடம் பாலே கற்றவர். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தாதரில் சிவாஜி பார்க் பக்கம் ஒரு மாலை போய், நட்டு வைத்த மரக்கம்பத்தில் ஏறிச் செய்கிற மல்லகம்பப் பயிற்சியைப் பாருங்கள், நம் விழுப்புரத்துப் பிள்ளைகளும் அதில் கெட்டிக்காரர்கள்தான். மல்யுத்தக்காரர்கள் தங்கள் பிடியையும் உடல் கட்டுப்பாட்டையும் கூட்டிக்கொள்ள வைத்துக்கொண்ட பக்கப் பயிற்சி அது, பின்னால் தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. உங்கள் குழுவில் யாரும் மல்லனைப் பார்த்து "கம்பத்துக்கு ஏன் போறே?" என்று கேட்க மாட்டார்கள்.

வகுப்புக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே சமையல் மேடை விளிம்பில் விரல் வைத்துப் பழகலாம். டைனிங் நாற்காலி வேண்டாம், மொசைக் தரையில் வழுக்கும். ஆனால் இடுப்பு சாய்வதை உங்களால் தனியாகப் பார்க்க முடியாது, யாராவது பின்னால் நின்று சொல்ல வேண்டும். மூன்று மாதம் கற்றவர் வீட்டிலேயே இருக்கிறார், அவரையே கேளுங்கள். ஃபிசியோ என்ன சொன்னார் என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
செம்பூர்