டால்சிமும் நம் பிள்ளைகளும்

வணக்கம் ஐயா. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ வீடியோ சண்டை விளையாட்டில் வரும் டால்சிம் என்ற யோகி இந்தியர்களைக் கேலிச்சித்திரமாக்கும் பாத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அந்த விளையாட்டில் யார்தான் கேலிச்சித்திரம் இல்லை? ஜப்பான்காரர் சுமோ, ரஷ்யர் கரடியோடு மல்லுக்கட்டும் பயில்வான், பிரேசில்காரர் பச்சை மிருகம். டால்சிமாவது ஊர் ஏழைகளுக்காகச் சண்டைக்குப் போகிறவர். எங்கள் காலத்தில் பினாங்கு கொம்தார் கட்டடத்தில் டோக்கன் போட்டு விளையாடும்போது நம்மவர் ஒருவர் திரையில் வருவதே பெருமையாக இருந்தது. என் மகனும் அவரைத்தான் தேர்ந்தெடுக்கிறான். வகுப்பில் அவனை ‘டால்சிம்’ என்றே கூப்பிடுகிறார்களாம், அது மட்டும் உறுத்துகிறது. மற்றபடி இதில் இனவாதம் எங்கே இருக்கிறது? அவனை விளையாட விடலாமா?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

அந்தப் பெருமை எனக்குப் புரிகிறது. 1991ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வந்தபோது நாம் தேர்ந்தெடுக்க எட்டே பேர். அதில் ஒருவர் இந்தியர் என்பது இங்கே பினாங்குப் பையன்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

எல்லாருமே கேலிச்சித்திரம்தான், சரி. ஆனால் அந்த எட்டுப் பேரை நாடுவாரியாக எண்ணிப் பாருங்கள். சுமோ ஹோண்டாவைப் பார்த்து ஜப்பானியர் எல்லாரும் இப்படித்தான் என்று யாரும் நினைக்கப் போவதில்லை, ஏனென்றால் பக்கத்திலேயே கதாநாயகன் ரியு நிற்கிறார். அமெரிக்காவுக்கு கென், கைல் என்று இரண்டு பேர். இந்தியாவுக்கு ஒரே ஒருவர், அவர்தான் நாம் எல்லாரும். பிரேசில்காரர்களுக்கும் இதே குறைதான், அவர்கள் கோபப்பட்டால் அதுவும் நியாயம்.

அந்த ஒருவரை எப்படி வரைந்தார்கள்? விலா எலும்பு தெரியும் உடம்பு, மொட்டைத் தலை, அதில் சிவப்புக் கோடுகள், கிழிந்த அரைக்கால் சட்டை, கழுத்தில் மண்டை ஓட்டு மாலை. கை கால் ரப்பராக நீளும், வாயிலிருந்து நெருப்பு வரும், பின்னால் யானைகள் வரிசையாக நின்று பிளிறும். அந்த மண்டை ஓடுகள் கொள்ளைநோயில் செத்துப்போன ஊர்ப் பிள்ளைகளுடையவை, அவர்கள் நினைவாக அணிந்திருக்கிறார் என்று கதைக் குறிப்பு சொல்கிறது. உருக்கமான விஷயம்தான். ஆனால் டோக்கன் போட்டு விளையாடியவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் படித்திருப்பார்கள்? எதிரே நின்று விளையாடிய சீனப் பையனும் மலாய்ப் பையனும் கண்டது எலும்பு மாலை போட்ட, நெருப்புத் துப்பும் இந்தியரைத்தான்.

இதை வரைந்த ஒசாகாவின் கேப்காம் நிறுவனத்தாருக்கு வன்மம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. கை நீளும் இந்திய யோகி 1976லேயே ஒரு குங்ஃபூ படத்தில் வந்துவிட்டார், அதாவது இது சினிமா வளர்த்த இந்தியா. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் அலகு குத்திக்கொண்டு காவடி எடுக்கிறவர் லீவு முடிந்ததும் ஆபீசுக்கும் பட்டறைக்கும் போகிறவர் என்பது கூடவே வாழும் நம் அண்டை வீட்டாருக்குத் தெரியும். சினிமாவில் மட்டுமே பார்த்தவருக்கு அது தெரிய வழியே இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். அதே விளையாட்டின் குத்துச்சண்டை வீரருக்கு ஜப்பானில் ‘எம். பைசன்’ என்று பெயர். வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது நிஜக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் வழக்குப் போட்டுவிடுவாரோ என்று பயந்து மூன்று பாத்திரங்களின் பெயரையே மாற்றிப் போட்டார்கள். ஆக, ஒருவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இருந்தால் யோசித்தார்கள். கோடிக்கணக்கான இந்தியர்களுக்காக அந்த யோசனை வரவில்லை.

அப்புறம் என்ன மாறியது? 2016ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஐந்தாம் பாகத்தில் டால்சிமுக்குத் தாடியும் தலைப்பாகையும் வந்தன, நெருப்பு அப்படியே இருந்தது. அதே ஆண்டு வெளிவந்த ‘ஓவர்வாட்ச்’ விளையாட்டில் சிமெட்ரா என்ற ஹைதராபாத் பெண் வருகிறார், ஒளியைக் கொண்டு கட்டடம் எழுப்புகிறவர். யோகாவும் யானையும் இல்லாமலும் ஓர் இந்தியரை யோசிக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. அவருக்கும் ஒரு தேவி உடையைச் சேர்த்து, அதற்கு இந்து அமைப்பு ஒன்றிடமிருந்து எதிர்ப்பு வந்தது தனிக்கதை.

மகனை விளையாட விடுங்கள். டால்சிமைக் கையாளப் பொறுமை வேண்டும், எட்ட நின்று அடிக்கத் தெரிய வேண்டும், அவன் அதில் ஜெயிக்கிறான் என்றால் கெட்டிக்காரன். அந்த மண்டை ஓடுகளின் கதையையும் அவனிடம் சொல்லுங்கள். வகுப்பில் கூப்பிடுவது தனி விவகாரம். அவன் டால்சிமை எடுத்து விளையாடுவதால் கூப்பிடுகிறார்களா, கறுப்பாக, ஒல்லியாக இருப்பதால் கூப்பிடுகிறார்களா என்று அவனிடமே கேளுங்கள். இரண்டாவது என்றால் இந்த வாரமே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.