சிங்கப்பூரில் வயலே இல்லை. பயிர்க் கழிவிலிருந்து நொதி (என்சைம்) எடுக்க இங்கே வழி உண்டா?

கேள்வி கேட்டவர் அன்னாசித் தோல், கரும்புச் சக்கை, வைக்கோல் மூன்றையும் சேர்த்துச் சொல்லி, "இவற்றை அரைத்துப் பிழிந்தால் தொழிற்சாலைக்கு வேண்டிய நொதி கிடைக்குமா?" என்கிறார். அன்னாசியில் கிடைக்கும். மற்ற இரண்டையும் எவ்வளவு பிழிந்தாலும் விற்கிற மாதிரி எதுவும் வராது. அவற்றைப் பூஞ்சைக்குத் தீனியாகப் போட்டு, அது சுரக்கும் நொதியைத்தான் எடுக்க வேண்டும். வேலையும் வேறு, செலவும் வேறு.

நான் இங்கே ஓர் உணவு ஆய்வகத்தில் இருக்கிறேன். அன்னாசியோடுதான் அதிகம் பழக்கம் என்பதால் அதை முதலில் சொல்கிறேன். அதில் இருப்பது புரோமலைன், புரதத்தை வெட்டும் நொதி. வீட்டிலேயே பார்க்கலாம். ஜெலட்டின் கரைசலில் புதிதாக வெட்டிய அன்னாசித் துண்டைப் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் உறையவே உறையாது. டின் அன்னாசி போட்டால் உறைந்துவிடும். டின்னில் அடைக்கும்போது பட்ட சூட்டில் நொதி செயலிழந்திருக்கும். அகர் அகரில் சோதித்துப் பார்க்காதீர்கள். அது புரதம் இல்லை, புரோமலைன் அதை ஒன்றும் செய்யாது.

எடுக்கும்போதும் சூடு ஆகாது. அரைத்து, துணியில் வடிகட்டி, குளிர்ந்த மையவிலக்கில் சுற்றினால் தெளிந்த சாறு வரும். பாத்திரத்தை ஐஸில் வைத்து, கலக்கிக்கொண்டே அம்மோனியம் சல்ஃபேட் உப்பைச் சிறுகச் சிறுகத் தூவ வேண்டும். ஒரு கட்டத்தில் சாறு கலங்கும். கலங்கி இறங்குவதுதான் புரதம். அவசரப்பட்டு உப்பை மொத்தமாகக் கொட்டினால் வேண்டாத புரதமும் சேர்ந்து இறங்கிவிடும். அப்புறம் படிவைக் கரைத்து, சவ்வு வழியாக உப்பை நீக்கி, உறையவைத்து உலர்த்தினால் தூள் தயார்.

எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பது வாங்குபவரைப் பொறுத்தது. இறைச்சியை மிருதுவாக்கும் தூளுக்கு அரைகுறைச் சுத்தம் போதும். தீக்காயத்தில் வெந்துபோன சதையைக் கரைத்து நீக்க இதே அன்னாசி நொதியில் ஒரு மருந்து இருக்கிறது. ஐரோப்பாவில் 2012லும் அமெரிக்காவில் 2022லும் அனுமதி பெற்றது. அந்தத் தரத்துக்குச் சிறு ஆய்வகம் ஆசைப்படக் கூடாது. ஒவ்வொரு முறை சுத்தப்படுத்தும்போதும் சரக்கு குறையும், செலவு ஏறும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். புரோமலைன் அதிகம் இருப்பது பழத்தில் அல்ல, பழம் வெட்டியபின் வயலிலேயே நின்றுவிடும் செடியின் தண்டில். ஹவாயில் ஹைனிக்கி என்ற ஆய்வாளர் 1957இல் இதை எழுதியபிறகுதான் தண்டு தொழிலுக்கு வந்தது. நமக்குத் தேக்கா ஈரச்சந்தையிலும் பழச்சாறு கடைகளிலும் கிடைப்பது பழத்தின் தோலும் நடுத்தண்டும் மட்டுமே. செடித் தண்டு மலேசியாவின் ஜொகூரில் கிடக்கிறது. ஈரமும் பாரமுமான அதை லாரியில் கடற்பாலம் தாண்டிக் கொண்டுவருவதைவிட அங்கேயே பிழிவதுதான் புத்தி. (ஒரு காலத்தில் இங்கேயே அன்னாசித் தோட்டங்கள் இருந்தன. ஈசூன் வட்டாரத்துக்குப் பெயர் தந்த லிம் நீ சூன் அன்னாசி வியாபாரிதான்.)

அதனால் சிங்கப்பூருக்குப் பொருத்தம் பூஞ்சை வழிதான் என்பேன். இது புதிதும் அல்ல. ஜப்பானியரான தகாமினே, கோதுமைத் தவிட்டில் பூஞ்சை வளர்த்து மாச்சத்தைச் செரிக்கும் நொதியை எடுக்க 1894இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். ஜீன்ஸ் துணியை மங்கலாக்கும், தாவர நாரை வெட்டும் செல்லுலேஸ் நொதிக்குப் பேர்போன டிரைக்கோடெர்மா, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்தித் துணிகளை அரித்த பூஞ்சை. கரும்புச் சக்கை, வைக்கோல் எல்லாம் அதற்குத் தீனியாகும்.

இங்கே வயல் இல்லாவிட்டாலும் சோயா பால், டோஃபு தயாரிக்கும் இடங்கள் நிறைய. அங்கே மிஞ்சும் சோயா சக்கையில் புரதமும் நாரும் தாராளம். தகாமினே பயன்படுத்திய வகைப் பூஞ்சைக்கு நல்ல தீனி. தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருப்பது பெரிய சௌகரியம், ஏனென்றால் இந்த ஊர் வெப்பத்தில் ஈரச் சக்கை ஒரே நாளில் புளித்துவிடும்.

முயன்று பார்க்க நினைத்தால், சோயா சக்கை வந்த அன்றே நீராவியில் அவித்துவிடுங்கள். வெறும் சக்கை களிபோல் ஒட்டிக்கொண்டு காற்றை விடாது. கோதுமைத் தவிடு கலந்து உதிரியாக்கி, ஆறியபின் பூஞ்சை வித்தைத் தூவித் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். பூஞ்சை வளரும்போது தானாகவே சூடேறும். தடிமனாகப் பரப்பினால் நடுவில் 40 பாகை செல்சியஸைத் தாண்டி வளர்ச்சி நின்றுவிடும், மேலே மட்டும் வெள்ளையாக நன்றாகத் தெரியும். வெப்பமானியை அடுக்கின் நடுவில் குத்தி வையுங்கள்.