தாதுமணல் முதல் காந்தம் வரை: கேள்வி பதில்

சார், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அருமண் (காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் போன்ற தனிமங்கள்) கிடைக்கிறது, முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிறது. இரண்டும் குமரி மாவட்டம்தான். பிறகு ஏன் காந்தத்துக்குச் சீனாவை எதிர்பார்க்கிறோம்?

மணலுக்குப் பஞ்சமில்லை, மணலைக் காந்தமாக்கும் ஆலைகளுக்குத்தான் பஞ்சம். முப்பந்தலின் பழைய காற்றாலைகள் பெரும்பாலும் கியர்பாக்ஸும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டரும் வைத்தவை. அவற்றில் நிரந்தரக் காந்தமே கிடையாது. தமிழக அரசின் 2024 கொள்கைப்படி அவற்றைக் கழற்றிப் பெரியவற்றை நிறுத்தும்போதுதான் இந்தத் தேவை எழும். நிரந்தரக் காந்தம் வைத்த நேரடி இயக்க (கியர் இல்லாத) மாடலுக்கு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் வேண்டும். அதில் ஏறக்குறைய 30 சதவீதம் அருமண். கியர் இல்லை என்றாலே காந்தம் என்று முடிவுகட்ட வேண்டாம், மின்சுருள் ரோட்டர் வைத்தவையும் உண்டு.

மணலிலிருந்து, அருமண் அடங்கிய மோனசைட் கனிமத்தை மட்டும் எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் நீரோடும் சுருள் தொட்டிகளில் லேசான குவார்ட்ஸ் மணல் கழிந்துவிடும். மிஞ்சும் கனத்த மணலை உலர்த்தி உயர் மின்னழுத்தப் பிரிப்பானில் விட்டால், மின்சாரம் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம் போகும். கார்னெட், சிர்க்கான், சில்லிமனைட், மோனசைட் மறுபக்கம். அடுத்தது காந்தப் பிரிப்பு: கார்னெட் எளிதில் இழுபடும், மோனசைட்டுக்குக் காந்தப்புலத்தைக் கூட்ட வேண்டும். வழக்கமான கோளாறு, மணியின் மேல் ஒட்டிய உப்பும் ஈரமும். அவை இருந்தால் கடத்தாத மணியும் கடத்தும், தவறான தொட்டியில் விழும். நல்ல தண்ணீரில் கழுவி, சூடாகவே ஓட்டுவது இதனால்தான்.

அதற்குப் பிறகு?

ஒடிசாவின் சத்ரபூரில் மோனசைட்டை அரைத்து, அடர் காஸ்டிக் சோடாவில் சுமார் 140 டிகிரியில் வேகவைக்கிறார்கள். பாஸ்பேட் கரைந்து வெளியேறும். மிஞ்சுவது அருமண்ணும் கதிரியக்கத் தோரியமும் கலந்த ஹைட்ராக்சைடு; அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கும் இடம்தான் கத்திமேல் நடப்பது. பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 3–4 இருக்கும்போது அருமண் கரையும், தோரியம் கரையாது. அமிலம் கூடினால் தோரியமும் கூடவே வந்துவிடும். குறைந்தால் அருமண் கசடிலேயே தங்கி நஷ்டம். தோரியத்தின் வழித்தோன்றலான ரேடியம்-228 கரைசலில் இருக்கும்; பேரியம் சல்பேட்டோடு சேர்த்து அதை வீழ்த்துகிறார்கள்.

தனித்தனியாகப் பிரிப்பது கேரளத்தின் ஆலுவாவில். நியோடிமியமும் பிரசியோடிமியமும் அடுத்தடுத்த தனிமங்கள், குணமும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் கரைப்பான் பிரிப்பைக் கட்டம் கட்டமாகப் பலமுறை ஓட்ட வேண்டும்.

ஆக்சைடு வரை நம்மால் முடிகிறது. அதற்கு மேல், உலோகமாக்குவது, சில மைக்ரான் பொடியாக அரைப்பது, காந்தப்புலத்தில் அழுத்திச் சுடுவது என்று போகும் கட்டத்தில்தான் ஓட்டை. அந்தப் பொடி காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். 2025 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த 7,280 கோடி ரூபாய்த் திட்டம் (ஆண்டுக்கு 6,000 டன்) இந்த இடைவெளிக்காகத்தான்.

டிஸ்ப்ரோசியம் என்ற அருமண்ணும் இங்கே கிடைக்குமா?

சொற்பம். நம் மோனசைட்டில் சீரியமும் லாந்தனமுமே அதிகம். நியோடிமியம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதிக வெப்பத்தில் ஓடும் மோட்டாருக்கு டிஸ்ப்ரோசியம் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய ஏழு அருமண்களில் அதுவும் ஒன்று.

குமரி மாவட்டக் கிள்ளியூர் பக்கம் தாதுமணல் எடுக்கத் தனியார் வர முடியுமா? சுரங்கத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு இல்லை என்கிறார்களே, அண்ணே?

தனியார் வர முடியாது. 2019 முதல் மோனசைட் உள்ள கடற்கரை மணல் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. கருத்துக்கேட்பு விஷயம் உண்மை: 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமம், முக்கியக் கனிமத் திட்டங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. என் கணிப்பில் இது வேலையை வேகப்படுத்தாது, வழக்கைத்தான் பெருக்கும். ஆனாலும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை கட்டாயம். கையில் கிடைத்தால் மூன்றைத் தேடுங்கள். தோண்டும் முன் வீட்டு வாசல்களில் எடுத்த காமா கதிர்வீச்சு அளவீடு, திருப்பி நிரப்பும் மணலின் அளவீடு, கிணற்று நீரின் உப்புத்தன்மை. பொதுமக்களுக்கான கதிர்வீச்சு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். அது இயற்கைக் கதிர்வீச்சுக்கு மேல் கூடுவதற்கு மட்டுமே. குமரிக் கடற்கரையில் இயற்கை அளவே அதிகம், அதனால் முதல் அளவீடு இல்லாமல் எவ்வளவு கூடியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.