கேமுக்குக் கதை எழுத ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

வணக்கம் சார். பிளஸ் டூ முடித்த மகள் "வீடியோ கேமுக்குக் கதை எழுதப் போகிறேன்" என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், அவள் கேட்பது விளையாட்டுத்தனமல்ல, கொஞ்சம் கனமான சமாச்சாரம்தான். ஒரு நாவலோடு ஒப்பிட்டால் புரியும்.

1963-ல் அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தசார் 155 அத்தியாயங்களில் ஒரு நாவல் எழுதினார். 56-வது அத்தியாயத்தோடு மூடிவைத்துவிடலாம். அல்லது 73-ல் தொடங்கி, அவர் தந்திருக்கும் வரிசைப்படி தாவித் தாவிப் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் பாத்திரங்கள் செய்ததற்கு வாசகர் பொறுப்பாளி ஆகமாட்டார். கேமில் அப்படி நழுவ முடியாது; பட்டனை அழுத்தியது நாம். அந்தப் பொறுப்பை எவ்வளவு கொடுப்பது, எங்கே பிடுங்கிக்கொள்வது என்பதைத்தான் கேம் எழுத்தாளர் யோசிக்கிறார்.

ஆடுபவருக்கு முழுச் சுதந்திரம் தரவும் வழியில்லை. பத்து இடங்களில் இரண்டிரண்டு வழி வைத்து, எதையும் திரும்ப இணைக்காமல் விட்டால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். அதனால் கிளைகளைப் பிறகு ஒரே பாதையில் சேர்த்துவிடுவார்கள். அப்படியென்றால் நாம் தேர்ந்தெடுப்பது கண்துடைப்பா? 2023-ல் வந்த 'வெண்பா' என்ற வீடியோ கேமை மகளோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், ஒன்றிரண்டு மணி நேரம்தான். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. சமையல் நோட்டில் எழுத்து அழிந்திருக்கும். விட்டுப்போனதை ஊகித்து நாம்தான் இட்லி அவிக்க வேண்டும். மகனுக்கு அம்மா சொல்லும் பதிலையும் நாம் தேர்ந்தெடுக்கலாம். என்ன சொன்னாலும் அவன் விலகுவதைத் தடுக்க முடியாது. நாவலில் அந்தத் தாயைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்போம். இங்கே தவிப்பே நம்முடையதாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு இதற்கு பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது.

இனி படிப்பு. இலக்கியமோ தத்துவமோ பி.ஏ. படிக்கட்டும். டிசைன் பிடித்தால் ஐஐடிகளின் டிசைன் படிப்புக்கு யூசீட் (UCEED), தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்கு (NID) டாட் (DAT) நுழைவுத்தேர்வு எழுதலாம். "வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்யும் தனியார் கோர்ஸுக்காகக் கடன் வாங்காதீர்கள். இந்த வேலைகள் எண்ணிக்கையில் குறைவு; ஆரம்பத்தில் விளம்பர எழுத்து, செயலிகளுக்கான எழுத்து என்று சேர்த்துச் செய்ய நேரும். ஆளெடுப்பவர்கள் சான்றிதழைவிட, செய்து முடித்ததைத்தான் கேட்பார்கள்.

இப்படிக் கிளை பிரியும் கதைகளைச் செய்ய ட்வைன் (Twine) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோடிங் தெரியாமலே தொடங்கலாம். இந்த விடுமுறையில் அரைமணி நேரக் கதை ஒன்றை அவள் முடித்துக் காட்டட்டும். நீங்களே ஆடிப் பார்த்து, எந்த இடத்தில் முடிவெடுக்கத் திணறினீர்கள் என்று சொல்லுங்கள். எங்குமே திணறவில்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.