போர்ச்சுகலின் அல்கார்வே கடற்கரைக்குக் குடும்பத்தோடு ஒரு வாரம் போகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

எந்த ஊரில் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விமானச் சீட்டு, கார், கடற்கரைப் பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகு. அல்கார்வே போய்விட்டு அலுத்துக்கொண்டு திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் படத்தில் அழகாக இருந்த விடுதியைப் பதிவு செய்தவர்கள். போன பிறகுதான் அங்கிருந்து எங்கே போவதானாலும் கார் வேண்டும் என்பது தெரிகிறது.

மேற்கே சாக்ரஸ் முனையிலிருந்து கிழக்கே ஸ்பெயின் எல்லையான குவாதியானா ஆறு வரை தெற்குக் கரை கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். இதில் மூன்று விதமான கடல் இருக்கிறது. லாகோஸ், போர்ட்டிமாவ், கார்வோயைரோ, அல்புஃபைரா பக்கம் மஞ்சள் சுண்ணாம்புப் பாறைகளும், குகைகளும், படி இறங்கிப் போக வேண்டிய சின்னச் சின்ன மணல் திட்டுகளும். விளம்பரப் படங்களில் வருவது இந்தப் பகுதி. ஃபாரோவுக்குக் கிழக்கே ஒல்யாவ், தவீரா பக்கம் பாறையே கிடையாது. கரைக்கு வெளியே நீளமான மணல் தீவுகள், நடுவில் ரியா ஃபொர்மோசா என்ற உப்பங்கழி. மூன்றாவது, சாக்ரஸிலிருந்து வடக்கே திரும்பும் மேற்குக் கரை. அரிஃபானா, அமாடோ போன்ற இடங்கள் அலைச்சறுக்குக்காரர்களுக்கு உரியவை. சிறு குழந்தைகளைத் தண்ணீரில் விடுவதற்கு அல்ல.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களும் சிறு குழந்தைகளும் கூட வருகிறார்கள் என்றால் என் பரிந்துரை தவீரா. தரை சமம், கடல் ஓரளவு சாது, ரயில் நிலையம் நடந்து போகும் தூரம். பாறைக் கரைதான் வேண்டும், ஆனால் கார் ஓட்ட மாட்டோம் என்பவர்களுக்கு லாகோஸ். கார்வோயைரோவும் சாக்ரஸும் கார் உள்ளவர்களுக்கு மட்டும். அல்புஃபைரா பழைய ஊர் இரவுக் கேளிக்கைக்குப் பேர்போனது. தூங்க வேண்டுமென்றால் மதுக்கடைத் தெருக்களிலிருந்து தள்ளி அறை எடுங்கள். அந்த ஊரில் கடற்கரைக்கு வெளியே நீச்சலுடையோடு தெருவில் நடந்தால் இப்போது அபராதம் உண்டு.

ரயிலை நம்பி அறை எடுக்கும் முன் நிலையம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். லாகோஸிலிருந்து விலா ரியால் டி சான்டோ அன்டோனியோ வரை ஒரு ரயில் பாதை ஓடுகிறது. ஆனால் அல்புஃபைரா நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வடக்கே, ஃபெரைராஸில் இருக்கிறது. லூலே நிலையமும் இப்படித்தான், ஊரை விட்டு வெகுதூரம். லாகோஸ், ஃபாரோ, தவீரா மூன்றிலும் இந்தத் தொல்லை இல்லை.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் லிஸ்பனில் இறங்குவார்கள். ஃபாரோ விமான நிலையத்துக்கு வருபவை பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களின் விமானங்கள். லிஸ்பன் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் ஓரியெந்தே. அங்கேயே ஃபாரோ ரயில் கிடைக்கும். பயணம் மூன்று மணி நேரம், சில வண்டிகளில் இன்னும் கொஞ்சம் கூட. லாகோஸ் போகிறவர்கள் தூனெஸ் சந்திப்பில் வண்டி மாற வேண்டும். முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் கட்டணம் நன்றாகக் குறையும். ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் அங்கே அபூர்வமில்லை. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு ‘கிரேவ்’, அதாவது வேலைநிறுத்தம், என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேருந்துக்கு மாறிவிடலாம். இன்னொன்று: விமானத் தேடலில் லாகோஸ் என்று அடித்தால் வருவது நைஜீரியா. அல்கார்வே லாகோஸுக்கு விமானப் போக்குவரத்தே கிடையாது.

கார் எடுப்பவர்களுக்கு. இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்பணத் தொகையை அதில்தான் முடக்குவார்கள். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் வண்டி தரமாட்டார்கள், அல்லது விலையுயர்ந்த காப்பீட்டைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவார்கள். சாதாரணமாகக் கிடைப்பது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே கேட்டு வையுங்கள். 12 வயதுக்கு உட்பட்டு 135 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம்.

அல்கார்வேயைக் குறுக்காகக் கடக்கும் ஏ22 நெடுஞ்சாலையில் 2025 ஜனவரி 1 முதல் சுங்கக் கட்டணம் இல்லை. பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் அதில் எப்படிக் கட்டுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும். அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். லிஸ்பனிலிருந்து வரும் ஏ2-வில் மட்டும் கட்டணம் தொடர்கிறது. அங்கே சாவடியில் ‘வியா வெர்தே’ என்ற பச்சைத் தடம் கருவி பொருத்திய வண்டிகளுக்கானது. வாடகைக் காரில் அந்தக் கருவி இருக்கிறதா, இயங்குகிறதா, தினக் கட்டணம் எவ்வளவு என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் மற்ற தடத்தில் சீட்டு எடுத்து, வெளியேறும் இடத்தில் பணமோ கார்டோ கொடுக்கலாம். அல்கார்வே மட்டும்தான் என்றால் கருவியே வேண்டாம்.

ஓட்டுவது வலப்பக்கம். வேகம் ஊருக்குள் 50, வெளியே 90, நெடுஞ்சாலையில் 120. ரவுண்டானாவில் நம்மவர்கள் தடுமாறுவார்கள்: முதல் வெளியேற்றத்தில் திரும்பப் போவதில்லை என்றால் வலது ஓரத் தடத்தைப் பிடிக்கக் கூடாது, அதற்கு அபராதமே உண்டு. உள்தடத்தில் சுற்றி, உங்கள் வழிக்கு முந்தைய வெளியேற்றத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் வாருங்கள். எரிபொருள் நிலையத்தில் ‘கசோலியோ’ என்றால் டீசல், ‘கசோலினா’ என்றால் பெட்ரோல். இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் தவறு நடக்கிறது. குழாயிலும் மூடியிலும் உள்ள குறியைப் பாருங்கள்: சதுரத்துக்குள் பி7 டீசல், வட்டத்துக்குள் ஈ5 அல்லது ஈ10 பெட்ரோல். கடற்கரை நிறுத்துமிடங்களில் கண்ணாடி உடைத்துத் திருடுவது பழைய தொழில். இருக்கையில் ஒரு துணிப்பை கூட வைக்காதீர்கள். டிக்கியில் வைப்பதானால் வந்து இறங்கிய இடத்தில் வைக்காமல், கிளம்பும் இடத்திலேயே வைத்து மூடிவிட்டு வாருங்கள்.

இனி கடல். இது அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் அல்ல. ஆகஸ்டிலும் தெற்குக் கரையில் தண்ணீர் 20 முதல் 22 டிகிரிதான்; வங்கக் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு முதல் காலடியிலேயே பல் கிட்டிக்கும். கிழக்கிலிருந்து லெவாந்தே காற்று வீசும் நாட்களில் கொஞ்சம் வெதுவெதுப்பாகும், கூடவே அலையும் பெரிதாகும். மேற்குக் கரை இன்னும் குளிர். கோடையில் பிற்பகலில் வடக்குக் காற்று எழும், அதனால் கடலில் செய்ய வேண்டியதையெல்லாம் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கொடிகளைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பச்சை என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. நீலம் வெள்ளைக் கட்டம் போட்ட கொடி பறந்தால் உயிர்காப்பாளர் அந்த நேரம் அங்கே இல்லை. மீறினால் அபராதம் கேட்கலாம். காவல் உள்ள பருவம் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை; அதற்கு வெளியே கடல் அமைதியாகத் தெரிந்தாலும் பார்த்துக்கொள்ள யாருமில்லை.

அலையை விட ஆபத்தானது பாறை. 2009 ஆகஸ்டில் அல்புஃபைரா அருகே மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் சுண்ணாம்புப் பாறை மென்மையானது. மழையும் அலையும் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும், விழும் நேரம் தெரியாது. நிழல் இருக்கிறதே என்று அடிவாரத்தில் துண்டு விரிப்பவர்களை ஒவ்வொரு கடற்கரையிலும் பார்க்கலாம். பாறையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி உட்கார வேண்டும் என்பது கணக்கு: 20 மீட்டர் பாறை என்றால் 30 மீட்டர். சிறிய கடற்கரைகளில் ஓதம் (கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவது) ஏறியதும் அந்த 30 மீட்டர் மணலே இருக்காது, அப்போது வேறு கடற்கரைக்குப் போவதுதான் வழி. மேலே நடக்கும்போதும் விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். காலுக்குக் கீழே குடைந்திருப்பது மேலிருந்து தெரியாது.

ஓத அட்டவணையைக் கைபேசியில் வைத்திருங்கள். நீர்மட்ட வித்தியாசம் மூன்று மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. வற்றிய நேரத்தில் பாறையைச் சுற்றிப் பக்கத்துக் கடற்கரைக்கு நடந்து போனவர்கள் ஏற்றத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆபத்துக்கு 112.

கார்வோயைரோ அருகே உள்ள பெனாஜில் கடல் குகை எல்லோருக்கும் வேண்டும். 2024-ல் விதிகள் மாறிவிட்டன: நீந்திப் போகத் தடை, குகைக்குள் மணலில் இறங்கத் தடை, வழிகாட்டி இல்லாமல் கயாக் (சிறிய துடுப்புப் படகு) வாடகைக்கு எடுத்துப் போகவும் தடை. உள்ளே இறங்கி நின்று எடுத்த படங்களெல்லாம் பழையவை. ஆகவே சிறிய படகிலோ வழிகாட்டியோடு கயாக்கிலோ, காலை முதல் சுற்றில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய படகுகள் உள்ளே நுழையாது, வாசலில் காட்டிவிட்டுத் திரும்பும். பதிவு செய்யும்போதே கேட்டு விடுங்கள். லாகோஸிலிருந்து போனால் பாதி நேரம் வெறும் கடல். குகைக்கு அருகில் இருப்பவை கார்வோயைரோ, அர்மசாவ் டி பெரா, போர்ட்டிமாவ். லாகோஸில் இருப்பவர்கள் பேசாமல் அங்கேயே பொந்தா டா பியெடாடே பாறைகளைச் சுற்றிப் பார்க்கலாம், என் கணக்கில் அதுவே மேல். அங்குள்ள கமிலோ கடற்கரைக்கு சுமார் 200 படி. ஏறி வர முடியாதவர்கள் ஊரை ஒட்டிய மெய்யா பிராயாவுக்குப் போகலாம், நான்கு கிலோமீட்டர் சமமான மணல்.

கிழக்குத் தீவுகளுக்கு ஒல்யாவிலிருந்து அர்மோனா, குலாத்ராவுக்கும், தவீராவிலிருந்து தவீரா தீவுக்கும் படகு போகும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு வெளியே அது சீக்கிரமே போய்விடும். மர நிழல் குறைவு, குடை வாடகையும் எல்லா இடத்திலும் இல்லை. படகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு தவீராவுக்குப் பக்கத்தில் பாரில் கடற்கரை: நடைபாலம் கடந்து, சின்ன ரயிலிலோ நடந்தோ போகலாம். சூரை மீன் பிடித்த காலத்து நங்கூரங்களை மணலில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள்.

மாதம்? ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் விலையும் கூட்டமும் உச்சம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு நேரம் கிடைப்பது சிரமம் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எல்லை தாண்டி ஸ்பெயினுக்கு ஒரு நாள் போவதானால் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால். திரும்பும் படகையும் பேருந்தையும் எந்த ஊர் நேரத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வாடகைக் காரில் போக நிறுவனத்திடம் முன் அனுமதி தேவைப்படும்.

பணம் எடுக்க ‘முல்டிபாங்கோ’ என்று எழுதிய இயந்திரங்களைத் தேடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் பளபளப்பான இயந்திரங்கள் கட்டணமும் மோசமான மாற்று விலையும் போடும். எந்த இயந்திரம் ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டாலும் வேண்டாம், யூரோ என்று அழுத்துங்கள். சில சின்னக் கடைகளில் உள்ளூர் கார்டு மட்டும்தான் வாங்குவார்கள் என்பதால் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

சைவர்களுக்கு உணவகத்தில் கவனம் தேவை. பச்சைக் கீரை சூப்பான ‘கால்தோ வெர்தே’யில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். ‘தோஸ்தா மிஸ்தா’ ரொட்டியில் பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சியும் உண்டு. சாலட்டில் சூரை மீன் வந்து விழலாம். “சைங் கார்ன, சைங் பைஷ” என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், இறைச்சி மட்டும் சொன்னால் மீன் வரும். புகழ்பெற்ற ‘பாஸ்டெல் டி நாட்டா’ டார்ட்டின் பெயரில் முட்டை இல்லாவிட்டாலும் அதில் மஞ்சள் கருதான் முக்கியப் பொருள். சமையலறை உள்ள வீடு எடுத்தால் கவலை குறையும். பிங்கோ டோசே, கொன்தினென்தே கடைகளில் இரண்டு வகை அரிசி பார்ப்பீர்கள்: ‘அகுல்யா’ நீளமானது, உதிரியாக வரும், ‘கரோலினோ’ குழைந்து வரும், தயிர் சாதத்துக்கு அதுவே சரி. தயிர் வாங்கும்போது ‘நத்துரால்’ என்று மட்டும் இருக்க வேண்டும். கூடவே ‘அசுகராடோ’ என்று இருந்தால் சர்க்கரை போட்டது.

மீன் சாப்பிடுகிறவர்கள் விலைப்பட்டியலில் கிலோவுக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, சுடும் முன்பே எடை போட்டு விலை சொல்லச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் ரொட்டி, ஆலிவ், சீஸ் இலவசம் அல்ல. தொடாமல் திருப்பி அனுப்பினால் பணம் கிடையாது, ஒரு வாய் எடுத்தால் கணக்கில் ஏறும். கணக்கு தவறாக வந்து, சொல்லியும் திருத்தாவிட்டால் ‘லிவ்ரோ டி ரெக்லமசோய்ஸ்’ என்ற புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கடையும் விடுதியும் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் மறுக்கக் கூடாது. பல நேரம் புத்தகம் மேசைக்கு வருவதற்குள் கணக்கு திருந்திவிடும்.