பி.காம் படித்த மகள் டிரேட்மார்க் துறைக்குப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் யூனிட் நடத்துகிறோம். மகள் பி.காம் இறுதியாண்டு படிக்கிறாள். பல நாடுகளில் கம்பெனிப் பெயர்களைப் பதிவுசெய்து பாதுகாக்கும் டிரேட்மார்க் வேலைக்குப் போகவேண்டும் என்கிறாள். அதற்கெல்லாம் பி.இ., பி.எஸ்சி. வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இதில் எதிர்காலம் இருக்கிறதா? என்ன படிக்கவைப்பது?

பதில்: உறவினர்கள் சொல்வது பேட்டன்ட்டுக்கு, அதாவது புதிய கண்டுபிடிப்புக்கான உரிமைக்குப் பொருந்தும். பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். டிரேட்மார்க்குக்கு அந்த நிபந்தனை கிடையாது. இந்தியக் குடிமகளாக, 21 வயது நிரம்பியவராக, ஏதாவது ஒரு பட்டம் பெற்றவராக இருந்தால் டிரேட்மார்க் ஏஜென்ட் (விண்ணப்பதாரருக்காகப் பதிவகத்தில் ஆஜராகும் முகவர்) தேர்வு எழுதலாம். வழக்கறிஞர்களும் கம்பெனி செக்ரட்டரி சங்க உறுப்பினர்களும் அந்தத் தேர்வு இல்லாமலே ஏஜென்டாகப் பதிவுசெய்துகொள்ளலாம். உங்கள் மகளின் பி.காம் இதற்குத் தடையில்லை. இன்வாய்ஸ், ஏற்றுமதி ஆவணம், கம்பெனி அமைப்பு ஆகியவற்றைப் புரிந்துகொள்ள அது உதவவும் செய்யும்.

ஆனால் ஏஜென்ட் தேர்வை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அது ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நடப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 2021-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு, டிரேட்மார்க் பதிவாளரின் உத்தரவை எதிர்க்கும் மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றத்துக்கு வருகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. ஏஜென்ட் பதிவாளர் முன்பு வாதாடலாம், உயர் நீதிமன்றத்தில் முடியாது. ஆகவே பி.காம் முடித்ததும் மூன்று வருட எல்.எல்.பி. சேர்ப்பதே நல்லது. பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். கல்லூரிகள் அதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம். தபால் வழி எல்.எல்.பி.யில் பணத்தைப் போடாதீர்கள், அதை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. 'சர்வதேச டிரேட்மார்க் நிபுணர்' என்று சான்றிதழ் தரும் குறுகிய காலப் படிப்புகள் எவையும் உரிமம் ஆகாது. படித்துப் பார்க்க ஆசைப்பட்டால், ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போ, டி.எல்.101 என்ற அடிப்படைப் பாடத்தை இணையவழியில் இலவசமாக நடத்துகிறது. முதலில் அதை முடிக்கட்டும்.

இனி, பல நாட்டுப் பதிவு என்ற வேலை உள்ளபடி எப்படி இருக்கும் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். உலகம் முழுவதற்குமான ஒரே டிரேட்மார்க் என்று ஒன்று கிடையாது. உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. அதைப் பெற மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் நேரடியாக விண்ணப்பிப்பது முதல் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பதிவு வாங்குவதைப் போன்ற வட்டாரப் பதிவு இரண்டாவது (பிரிட்டன் இப்போது அதில் சேராது, தனியாக வாங்கவேண்டும்). மூன்றாவது, வைப்போ நடத்தும் மாட்ரிட் முறை. இந்தியா இதில் 2013 ஜூலை 8 முதல் உறுப்பு நாடு. ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணக் கணக்கு. அதிலேயே வேண்டிய நாடுகளைக் குறிப்பிடலாம். வைப்போவின் அடிப்படைக் கட்டணம் கறுப்பு-வெள்ளைச் சின்னத்துக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணத்துக்கு 903. அதற்கு மேல் நாடுவாரியாகவும் கட்டவேண்டும். தைவான் போன்று மாட்ரிட்டில் இல்லாத இடங்களுக்கு நேரடி விண்ணப்பம்தான்.

கேட்க எளிதாக இருக்கும். சிக்கல் தொடங்குவது சொந்த நாட்டு விண்ணப்பத்தில். மாட்ரிட் பதிவு, இங்கே போட்ட அடிப்படை விண்ணப்பத்தின் மேல்தான் நிற்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த அடிப்படை நிராகரிக்கப்பட்டாலோ ரத்தானாலோ, எல்லா நாட்டிலும் சர்வதேசப் பதிவும் சேர்ந்து விழும். பிறகு மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனி விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம், பழைய தேதியும் நிலைக்கும். ஆனால் செலவு மறுபடியும் முதலிலிருந்து.

பொருள் பட்டியலும் அப்படித்தான். மாட்ரிட் விண்ணப்பத்தில் அடிப்படைப் பட்டியலைச் சுருக்கலாம், விரிக்க முடியாது. உங்கள் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பொருள்களை எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்தே பதிவு நடக்கும். ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் 'ஹோசியரி' என்று மட்டும் எழுதி இங்கே விண்ணப்பம் போட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் அது பனியன், ஜட்டி, டி-ஷர்ட் எல்லாவற்றையும் குறிக்கும். அமெரிக்கப் பதிவகமோ அதைக் காலுறை வகையாக எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதியாவது டி-ஷர்ட், பாதுகாப்பு கிடைப்பது சாக்ஸுக்கு. 'ஆடைகள்' என்று பொதுவாக எழுதினாலும் அமெரிக்காவில் ஏற்கமாட்டார்கள். 'பின்னலாடை டி-ஷர்ட், ஆண்கள் உள்ளாடை, குழந்தைகள் இரவு உடை' என்று இங்கேயே பிரித்து எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் வியாபாரிகளுக்கும் இதே கதைதான். சமையல் நல்லெண்ணெய் 29-ஆம் வகுப்பு, விளக்கேற்றும் எண்ணெய் 4, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3. ஒரே பெயரில் மூன்றும் விற்பவர் ஒரு வகுப்பில் மட்டும் பதிந்தால், மற்ற இரண்டும் திறந்தே கிடக்கும். இதைக் கண்டுபிடித்து வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்கிறவர்தான் இந்தத் துறையில் மதிக்கப்படுகிறார்.

அடுத்தது தேதி. இந்தியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால், இந்தியத் தேதியையே அங்கும் முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். ஜனவரி 10 இங்கே என்றால், ஜூலை 10 வரை. முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்ற அடிப்படையில் இயங்கும் சீனா போன்ற நாடுகளில் இந்த ஆறு மாதம் உயிர்நாடி. சரக்கு வாங்கும் உள்ளூர் விநியோகஸ்தரே பெயரைத் தன் பேரில் பதிந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது. மீட்கலாம், ஆனால் வழக்கு, வருடங்கள், பணம். அதனால் முதல் கன்டெய்னர் கிளம்பும் முன்பே விண்ணப்பம் போகவேண்டும்.

விண்ணப்பித்த பிறகும் கெடுக்கள் உண்டு. இங்கே பதிவகம் விண்ணப்பத்தைப் பரிசீலித்து அனுப்பும் ஆய்வறிக்கைக்குப் பதில் தர ஒரு மாதம். பதிவகத்தின் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியான நாளிலிருந்து மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம். எதிர்ப்பு நகல் கையில் கிடைத்தபின் பதிலுரை தாக்கல் செய்ய இரண்டு மாதம், அது தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். சீனா மறுத்தால் மறுபரிசீலனை கேட்க வெறும் 15 நாள்தான். பதிவு கிடைத்தாலும் பயன்படுத்தாமல் விட்டால் போகும். சீனாவில் மூன்று ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்து ஆண்டு. அமெரிக்காவில் ஐந்தாவது, ஆறாவது ஆண்டுகளுக்கு இடையில் பயன்பாட்டு உறுதிமொழி போடவேண்டும். போட மறந்தால் பதிவு ரத்து. மின்னஞ்சலில் வந்த நோட்டீஸை யாரும் திறக்காததால் இழந்த பெயர்கள் ஏராளம். தேதியை இரண்டு இடத்தில் குறித்துவைக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவராது. இதை மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

இந்திய வழக்கறிஞர் வெளிநாட்டுப் பதிவகத்தில் நேரடியாக ஆஜராக முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விண்ணப்பதாரர் அமெரிக்காவில் அந்நாட்டு உரிமம் பெற்ற வழக்கறிஞரை வைத்தே ஆகவேண்டும் என்பது 2019 முதல் விதி. நம் ஆட்களின் வேலை, ஒவ்வொரு நாட்டு வழக்கறிஞருக்கும் தெளிவான குறிப்பு எழுதுவது, அவர் கேட்கும் ஆவணத்தைத் திரட்டித் தருவது, செலவை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது. எழுத்து ஆங்கிலம் சுத்தமாக இருக்கவேண்டும். மேடைப் பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை.

இப்போதே செய்யக்கூடியது இது. டிரேட்மார்க் ஜர்னல் திங்கட்கிழமைதோறும் இணையத்தில் இலவசமாக வெளியாகிறது. 25-ஆம் வகுப்பை மட்டும் வாராவாரம் படிக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும், ஒலியில் நெருங்கிய பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பதிவகத்தின் பொதுத் தேடல் பக்கத்தில் பார்க்கட்டும். வைப்போவின் உலகப் பிராண்ட் தரவுத்தளமும் இலவசம். உங்கள் யூனிட்டின் பெயரையே எடுத்து, எந்த வகுப்பு, எந்த நாடு, எவ்வளவு கட்டணம் என்று ஒரு பக்கத் திட்டம் எழுதச் சொல்லுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பெயர் இன்னும் பதிவாகாமல் இருந்தால், பெட்டியில் வட்டத்துக்குள் ஆர் போடுவதை உடனே நிறுத்திவிடுங்கள். பதிவில்லாமல் அதைப் போடுவது சட்டவிரோதம்.

சம்பளத்தில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். வழக்கறிஞர் அலுவலகங்களில் தொடக்கம் எப்போதும் குறைவுதான். வேலைக்குச் சேரும்போது, ஆய்வறிக்கைப் பதிலைத் தானே எழுத விடுவார்களா, விசாரணைக்கு அனுப்புவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். படிவம் நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளும் அலுவலகத்தில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கவேண்டாம். கிண்டியில் உள்ள பதிவக அலுவலகம், உயர் நீதிமன்றம் இரண்டும் ஒரே நகரத்தில் இருப்பதால் முதல் வேலைக்குச் சென்னைதான் வசதி. அனுபவம் வந்தபின் திருப்பூருக்கே திரும்பி ஏற்றுமதியாளர்களுக்கு வேலை செய்யலாம். அங்கே இதற்கான தேவை இப்போதே இருக்கிறது.